46,800 ரூபாய் போச்சு: கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுக்கும் மலைக்காரர்களே, கவனம்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் யாராவது கீழே கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பார்சலில் வரவழைக்க நினைத்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் 46,800 ரூபாய் போயிருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எந்த மாதிரிக் கடை என்று சொல்லலாம். கலர் கலராக லைட் எரியும் கேபினட்டுகளை வீடியோ எடுத்துப் போடும், "உங்க பட்ஜெட்டைச் சொல்லுங்க, லிஸ்ட் நாங்க தர்றோம்" என்று கூப்பிடும், பேரத்திலிருந்து பில் வரைக்கும் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடிக்கும் கடை. அந்த மாதிரிக் கடைகள் எல்லாமே திருட்டு என்று சொல்ல வரவில்லை. இது திருட்டு.

தம்பி காலேஜ் முதல் வருடம். பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) கற்றுக்கொள்ளவும் கேம் விளையாடவும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். (முதல் காரணம் எனக்காகச் சொன்னது, இரண்டாவதுதான் நிஜம் என்று தெரியும். இருக்கட்டும், சின்னப் பையன்தானே.) நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் பச்சைத் தேயிலைக்கு வரும் காசு உரத்துக்கும் ஆள் கூலிக்குமே சரியாகிவிடும். அதனால் என் ஏலச்சீட்டை எடுத்தேன். அந்தப் பணம்தான் இந்த 46,800.

லிஸ்ட் போட்டது தம்பி. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, இப்போது புரிகிறது, நல்ல லிஸ்ட்தான். பிராசஸர் ஐ3 12100எஃப். நாலு கோர், எட்டு த்ரெட். கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது, அதனால் விலை கொஞ்சம் கம்மி. ஹெச்610 மதர்போர்டு. ரேம் 16 ஜிபி, அதுவும் ஒரே குச்சியாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு, 3200 வேகத்தில். இரண்டு குச்சி போட்டால் பிராசஸர் இரண்டு பாதையிலும் சேர்த்து டேட்டா எடுக்கும், கேமில் வித்தியாசம் தெரியும் என்றான். டேட்டா சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி, 550 வாட் 'பிரான்ஸ்' (வெண்கலத்) தரச் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பார்ட்டுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஒரு சாதாரண கேபினட். மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. இதைத் தேர்ந்தெடுக்கத்தான் அவன் தலையைப் பிய்த்துக்கொண்டான். அந்தக் கார்டு குடிப்பது 70 வாட். போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் கிடைக்கும் என்பதால் தனியாகப் பவர் வயர்கூட வேண்டாம். மழைக் காலத்தில் எங்கள் ஊர் கரண்டு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்மியாகக் கரண்டு இழுக்கும் கார்டு என்றால் சின்ன யுபிஎஸ்ஸே தாங்கும். இவ்வளவு யோசித்துத்தான் லிஸ்ட் போட்டான்.

இப்போது நம்பின கதை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தக் கடைக்காரர் முதலில் எங்களிடம் எதையும் விற்கப் பார்க்கவில்லை. "ஐ5 போடலாமா?" என்று நான்தான் கேட்டேன். "வேண்டாமுங்க அக்கா, இந்தக் கார்டுக்கு ஐ3யே போதும், எதுக்குக் காசை வீணாக்கறீங்க? தம்பி நல்லாத்தான் லிஸ்ட் போட்டிருக்கான்" என்றார். லிஸ்டில் இருந்த கேபினட்டைவிட 600 ரூபாய் கம்மியான ஒன்றை அவரே காட்டினார். செலவைக் குறைக்கச் சொல்லும் கடைக்காரரை யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் வீடியோ காலில் வந்தார். பின்னால் அலமாரி நிறைய பெட்டிகள். 3050 கார்டின் பெட்டியை கேமராவுக்கு நேராகப் பிடித்து, சீல் ஒட்டியிருந்த மூலையை நகத்தால் தட்டிக் காட்டினார். "உங்க பேரை இதுல எழுதி வச்சிடறேனுங்க" என்று மார்க்கரை எடுத்து என் பெயரைப் பெட்டி மேலேயே எழுதினார். அவர் அம்மாவுக்குக் குன்னூர்தான் சொந்த ஊராம். சின்ன வயதில் லீவுக்கு மலை ரயிலில் வருவாராம். அப்பா உடம்பு எப்படி என்றுகூட விசாரித்தார்.

கடைசியில் ரேம் விஷயம். "ரேம் விலை தினமும் ஏறுதுங்க அக்கா. நாளைக்கு இதே ரேட்டுக்கு என்னால தர முடியாது. இன்னைக்கே முழுசாப் போட்டுட்டீங்கன்னா பிளாக் பண்ணிடறேன்." இதில் கொடுமை என்னவென்றால், ரேம் விலை ஏறியது பொய்யில்லை. ஏஐ சர்வர்களுக்கே சிப்பு எல்லாம் போய்விடுவதால் 2025 கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. தம்பியும் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். உண்மையை வைத்தே அந்தக் கடைக்காரர் எங்களை அமுக்கினார் பாருங்கள். 46,800 ரூபாயும் ஒரே தடவையில் அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் பார்சலோடு வரும் என்றார்.

பார்சலோடு வந்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

முதலில் ஓடியது. தம்பி குதித்தான். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தான், அவ்வளவுதான், திரையில் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகிவிட்டது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், 'கோடு 43' என்ற பிழைச் செய்தி. கடைக்குப் போன் போட்டதும் ஒரு பையன் ரிமோட்டில் வந்து ஏதோ பழைய டிரைவரைப் போட்டு, "இனிமே அப்டேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள், உடனே மொத்தமும் இருட்டு. ஒருநாள் ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் அவர் ஒன்றும் பேசவில்லை, டார்ச்சை மட்டும் என் கையில் கொடுத்தார்.

உள்ளே இருந்தது 3050 இல்லை. ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்டு, அதிலும் 2048எஸ்பி என்கிற ரகம். 2018இல் சீனச் சந்தைக்காக வந்தது. அசல் 580இல் 2304 கோர் இருக்கும், இதில் 2048தான். அதாவது பெயர் 580, சரக்கு 570. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. கார்டைக் கேபினட்டோடு இணைக்கும் தகட்டின் திருகுகளில் துரு. ஃபேன் மட்டும் புதுசு, அதற்குக் கீழே இருக்கும் தகடுகளின் இடுக்கில் பஞ்சு மாதிரி தூசி. மெமரி சிப்புகளைச் சுற்றி எண்ணெய் கசிந்து போர்டே பழுப்பாகிக் கிடந்தது. சீரியல் நம்பர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும்தான்.

மைனிங் கார்டு என்றார் அண்ணன். கிரிப்டோ காசு எடுக்க இரவு பகலாக ஓடின கார்டு. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ காசு, இப்படிக் கார்டு ஓட்டி எடுக்கும் முறையை விட்டதும், உலகம் முழுக்க இப்படிப்பட்ட கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தனவாம். மைனிங் செய்கிறவர்கள் வேகத்துக்காகக் கார்டின் பயோஸையே (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதுவார்கள். புது டிரைவர் போட்டால் அதுதான் கோடு 43 என்று காட்டிக் கொடுக்கும். "அப்டேட் பண்ணாதீங்க" என்று அந்தப் பையன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. 550 பிரான்ஸ் கேட்டிருந்தோம். வந்தது '500W' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய ஏதோ ஒரு டப்பா. கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் வயரே அதில் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வெள்ளை மோலக்ஸ் கனெக்டர்களை ஒரு கன்வெர்டரால் சேர்த்து எட்டு பின்னாக மாற்றிச் செருகியிருக்கிறார்கள். 70 வாட் கார்டு கேட்டவர்களுக்கு 150 வாட் இழுக்கும் கார்டைக் கொடுத்து, அதையும் இந்த வயரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளை கனெக்டரின் ஓரம் உருகி, டீக்கறை நிறத்தில் இருந்தது. தம்பி படுக்கும் அறை அது. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் மேஜை.

ரேம் ஒரே குச்சி, வேகமும் 2666தான். எஸ்எஸ்டியும் வேறு கம்பெனி, அதைப் பற்றிப் பேசவே தெம்பில்லை.

இனி கடைக்காரரின் பதில்கள். கார்டைப் பற்றிக் கேட்டதற்கு: "3050 ஸ்டாக் தீந்துடுச்சுங்க அக்கா. அதைவிடப் பெரிய கார்டாப் போட்டு விட்டிருக்கேன். அது ஆறு ஜிபி, இது எட்டு ஜிபி. உங்களுக்குத்தான் லாபம்." என் பெயர் எழுதின பெட்டி எங்கே போனது என்றால் பேச்சு மாறுகிறது. ஜிபி என்பது கார்டில் இருக்கும் மெமரியின் அளவுதான், சிப்பு எது என்பதுதான் விஷயம். தம்பி ஆசைப்பட்ட பிளெண்டர் வேலைக்கு இந்தக் கார்டு சுத்தமாக ஆகாது. பிளெண்டர் 3.0 வந்ததிலிருந்தே இந்தத் தலைமுறைக் கார்டில் சைக்கிள்ஸ் ரெண்டர் (பிளெண்டரில் கடைசிப் படத்தை உருவாக்கும் வேலை) ஓடாது, எல்லாப் பாரமும் பிராசஸர் தலையில்தான்.

துருவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "உங்க ஊர் ஈரப்பதம்க்கா. மலையில பனி ஜாஸ்தி, கார்டுக்குள்ள தண்ணி கோத்துக்கும். வாரண்டில வராது." வந்த கொஞ்ச நாளிலேயே திருகு துருப்பிடிக்குமாம்! கோத்தகிரியில் நாங்கள் என்ன அருவிக்குள்ளேயா குடியிருக்கிறோம்? என் ஆபீஸ் கம்ப்யூட்டர் தேயிலைத் தூசியிலும் ஈரத்திலும் வருஷக்கணக்காக ஓடுகிறது. உண்மையில் கம்ப்யூட்டருக்குச் சூடுதான் எதிரி, குளிர் இல்லை. அதைச் சொன்னதும் காரணம் வோல்டேஜுக்கு மாறியது, அப்புறம் கொண்டை ஊசி வளைவில் பார்சல் குலுங்கியதற்கு மாறியது.

பில் கேட்டால் ஆடிட்டர் ஊரில் இல்லை. "நேர்ல கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றார். இந்த வடகிழக்கு மழையில், எங்கே மண் சரியுமோ என்று பயந்துகொண்டு, தம்பி சிபியுவை மடியில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிப் போனான். ஓனர் வெளியே போயிருக்காராம். கடைப் பையன் ஆன் செய்து விண்டோஸ் வரும்வரை பார்த்தான், "செக்டு, வொர்க்கிங்" என்று அதே எஸ்டிமேட் சீட்டின் பின்னால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டான். கேம் போட்டுக் காட்டக்கூட விடவில்லை.

46,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் எழுதிய அன்றிலிருந்து 'அக்கா' போய் 'மேடம்' வந்தது. "கேஸ் போடறதுன்னா கோயம்புத்தூர் வந்து போடுங்க மேடம்" என்பது கடைசி மெசேஜ். அத்தோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினவர் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எனக்கு ஊட்டி போதும். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்துவிட்டேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: ஒவ்வொரு பார்ட்டின் மாடலும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில்லை முதலில் வாங்குங்கள், எஸ்டிமேட் சீட்டு கோர்ட்டில் இழுத்தடிக்கும். காலிப் பெட்டிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சைடு தகட்டையும் கழற்றி. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க விடாதீர்கள், மோலக்ஸ் கன்வெர்டரைப் பார்த்தால் ஆன் செய்யவே வேண்டாம். யுபிஐயில் கடைப் பெயருக்குப் பதில் ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாமல் ஓடிவிட்டால், தாமதிக்காமல் 1930 சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

போர்டும் பிராசஸரும் மட்டும் நல்லதாகத்தான் இருக்கின்றன என்று குன்னூர் அண்ணன் சொன்னார். ஆனால் அது 'எஃப்' பிராசஸர், வேறு கார்டு வாங்கும்வரை திரையில் ஒன்றுமே வராது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் செருக நான் விடவில்லை.

நீலகிரியில் இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டோடு பெட்டி வாங்கி முழித்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். ஊட்டிக்குச் சேர்ந்தே போகலாம்.