மாடிஃபை செய்த கேமராவில் ஒளிக்கசிவு: கறுப்பு டேப்பா, அலுமினிய டேப்பா?

மாடிஃபை செய்தது என்றால், சென்சாருக்கு முன்னுள்ள அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டியை நீக்கிய அல்லது மாற்றிய கேமரா; அதனால் அகச்சிவப்பும் படத்தில் பதியும். முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 1600-இல் 300 விநாடி டார்க் ஃப்ரேம் (ஒளி புகாமல் எடுக்கும் படம்) இரண்டு எடுங்கள்: ஒன்று கும்மிருட்டில், மற்றொன்று பாடியைச் சுற்றி டார்ச் அடித்தபடி. இருட்டிலும் மூலையில் வெளிச்சம் தெரிந்தால் காரணம் உள்ளேதான்: ஷட்டரின் நிலையைக் கண்காணிக்கும் சென்சாரின் அகச்சிவப்பு எல்இடி, அல்லது பட சென்சாரின் ஆம்ப் குளோ (அதன் மின்சுற்றே உண்டாக்கும் ஒளிர்வு). ஆம்ப் குளோவுக்கு எந்த டேப்பும் உதவாது. டார்க் கழித்தல்தான் வழி, அதாவது எடுத்த படத்திலிருந்து டார்க் ஃப்ரேமைக் கழிப்பது.

அகச்சிவப்பைத் தடுப்பது
கறுப்பு பிவிசி (எலக்ட்ரிக்கல் டேப்): நம்ப முடியாது. கண்ணுக்குக் கறுப்பு, சென்சாருக்குக் கண்ணாடியாக இருக்கலாம். டிவி ரிமோட்டின் முனையில் ஒட்டி, அதே கேமராவின் லைவ் வியூவில் பார்த்தால் குட்டு வெளிப்படும்.
அலுமினியம்: ஓட்டை இல்லாதவரை முழுத் தடுப்பு. ஆனால் பளபளப்பு ஒளியைச் சிதறடிக்கும். மேலே மேட் கறுப்பு பூசுங்கள்.

ஷார்ட் சர்க்யூட்
பிவிசி: பயமில்லை.
அலுமினியம்: போர்டைத் தொட்டால் கதை முடிந்தது. அடியில் காப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) கட்டாயம்.

ஆயுள்
பிவிசி: சூட்டில் பசை இளகி வழியும்.
அலுமினியம்: நிற்கும்.

வியூஃபைண்டர், பேட்டரிக் கதவுக்கு, ரிமோட் சோதனையில் தேறிய பிவிசி போதும். உள் எல்இடிக்கு அலுமினியமே. பிரிக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபிளாஷ் கெபாசிட்டரில் மின்னூட்டம் மிச்சமிருக்கும், கை வைக்காதீர்கள்.