அரகேரியாவைக் காப்பது எங்கே: காட்டிலா, தோட்டத்திலா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. போன மழையில் இரண்டு சில்வர் ஓக் நிழல் மரங்கள் சாய்ந்துவிட்டன. "அந்த எடத்துல கிறிஸ்துமஸ் மரம் வெச்சுடலாமாப்பா? அது அழிஞ்சுட்டு வர்ற மரமாமே, நாம வளர்த்தா நல்லதுதானே?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

ஏற்காட்டில் பங்களா வாசல்களில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் அரகேரியா இனத்தைச் சேர்ந்தது. நார்ஃபோக் தீவு மரம், குக் பைன் என்ற இரண்டும் நர்சரியில் ஒரே பெயரில் விலைபோகும். அடியில் உதிர்ந்து கிடப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இலை தனியாக உதிராது, முறுக்கிய கயிறு மாதிரி சிறுகிளையோடு சேர்ந்தே விழுந்திருக்கும். மரம் தெற்கு நோக்கிச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் குக் பைன்தான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நட்டால் தெற்கேயும், தெற்கே நட்டால் வடக்கேயும் சாய்கிற மரம் அது. நார்ஃபோக் மரத்தின் சொந்த ஊர் சுமார் 35 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள ஒரு பசிபிக் தீவு. உலகமெங்கும் தொட்டிகளில் இருக்கிறது, ஆனாலும் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று எனக்கு உறைத்தது இங்கேதான்.

இதன் அண்ணன் முறை மரம் தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா எல்லையிலுள்ள ஆண்டிஸ் மலைகளில் இருக்கிறது. அங்கே அதற்கு 'பெவென்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும். அதன் கொட்டையைத் தின்று வாழ்ந்ததால் 'பெவென்சே' என்றே பெயர் பெற்ற மக்கள் அங்கே உண்டு. 2013-இல் இந்த மரம் அருகிவரும் இனமாக வகைப்படுத்தப்பட்டது. இதைக் காப்பாற்ற மூன்று வழி சொல்கிறார்கள்.

விதையைக் குளிரறையில் சேமிப்பது என்ற வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். நெல் மாதிரி காயவைத்து வைக்கிற விதை இல்லை இது. காய்ந்தால் செத்துவிடும்.

மிச்சம் இரண்டு. ஒன்று, நிற்கிற காட்டை அப்படியே காப்பது. சிலி 1976-இல் வெட்டத் தடை போட்டது, 1987-இல் தளர்த்தியது, 1990-இல் மறுபடி தடை போட்டது. நடுவில் தளர்ந்த அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வெட்டிய கிழட்டு மரத்துக்கு ஈடாக இன்னொன்று வர எத்தனை தலைமுறை ஆகும்! தடை கோடரியைத்தான் நிறுத்தும். தீயை நிறுத்தாது. தடித்த பட்டை இருப்பதால் சின்னத் தீயைப் பெரிய மரம் தாங்கிக்கொள்ளும், ஆனால் 2002-லும் 2015-லும் அங்கே எரிந்தது சின்னத் தீ இல்லை. அப்புறம், மாடும் பன்றியும் கொட்டையைத் தின்றுவிடுகின்றன. கிழ மரங்கள் கம்பீரமாக நிற்கும், அடியில் ஒரு கன்றுகூட இருக்காது. பார்ப்பவருக்குக் காடு நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

இன்னொன்று, தோட்டத்தில் வளர்ப்பது. இதற்கு நல்ல சாட்சி ஆஸ்திரேலியாவின் வாலமை பைன். சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் 1994-இல் டேவிட் நோபிள் கண்டுபிடித்தார். வளர்ந்த மரம் நூறுகூட இல்லை. இடத்தை ரகசியமாக வைத்தார்கள். அப்படியும் யாரோ உள்ளே போயிருக்க வேண்டும், 2005-இல் அங்கே வேரழுகல் கிருமி தெரியவந்தது. 2006 முதல் நாற்றைக் கடையிலேயே விற்க ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒன்று கிடைத்தால் யாரும் காட்டைத் தேடிப் போகமாட்டார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் 2019-20 பெருந்தீ வந்தபோது, ஊர் ஊராகத் தொட்டியில் கன்று இருக்கிறதே என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி, தண்ணீர் தெளித்து அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றினார்கள்.

வாலமைக்குச் சரியானது பெவெனுக்கு அப்படியே சரிவராது. வாலமை மரங்களுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு, எதிலிருந்து பதியம் போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெவெனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்டிஸ் மரமும், சிலியின் கடலோரம் நாவேல்புத்தா மலையில் நிற்கும் மரமும் ஒன்றல்ல. எங்கே எடுத்த விதை, எந்தத் தாய்மரம் என்ற குறிப்பு இல்லாமல் பூங்காவில் தனியாக நிற்கும் ஒற்றை மரம் அழகு தரும், சந்ததி தராது. குறிப்போடு ஆணும் பெண்ணுமாக வளர்த்தால் அது நல்ல காப்பீடு. காப்பீடு இருக்கிறதே என்று வீட்டைத் தீயில் விடலாமா?

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. இங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (BSI) ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தொட்டியில் ஆர்க்கிட் பூப்பதைப் பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் ஆர்க்கிட் விதை தானாக முளைக்க ஒரு பூஞ்சை கூட இருந்தாக வேண்டும். காட்டு மரத்தின் பட்டையில் இருக்கும் அந்தப் பூஞ்சையும், பூவைத் தேடி வரும் வண்டும் தொட்டியோடு வருவதில்லை. கையில் ஒரு ரூபாய் இருந்தால் முக்கால் ரூபாயைக் காட்டுக்கும் கால் ரூபாயைத் தோட்டத்துக்கும் கொடுப்பேன்.

தென்னிந்தியக் காட்டில் இயல்பாகவே வளரும் ஒரு கூம்புக்காய் வகை மரமும் உண்டு, நெகையா வாலிச்சியானா. ஊசியிலை இருக்காது, நடுநரம்பே இல்லாத அகல இலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் வளர்கிறது. அதைத் தோண்டி இங்கே கொண்டுவருவதும் காப்பாற்றுவதாகாது.

சித்தப்பாவிடம் சொன்னேன்: "அழகுக்கு வேணும்னா கிறிஸ்துமஸ் மரம் வையுங்க சித்தப்பா, தப்பில்ல. காப்பாத்தணும்னா நம்ம மலை மரத்தை வைக்கணும்." சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் இந்த மலைக்கே உரியது, அதுவும் அருகிவருகிறது. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தின் பழைய நிழல் மரங்களுக்கு அடியிலேயே தானாக முளைத்த நாவல் கன்றுகள் இருந்தன. அதில் இரண்டை அந்த இடத்துக்கு மாற்றினோம். சிலி கதையைக் கேட்டதும் சித்தப்பா முதலில் செய்தது மூங்கில் படல் கட்டியதுதான், பக்கத்துத் தோட்டத்து மாடு தலை நீட்ட முடியாத உயரத்துக்கு.