காரைக்குடி பங்களாவில் இலைச் சாப்பாடு: முதல் நாளே சொல்லிவிடுங்கள்

காரைக்குடி செஞ்சையில், தேவகோட்டை சாலையில் இருக்கிறது 'தி பங்களா'. ஒரு காலத்தில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஆண்கள் கூடிப் பேசிய கிளப். இன்று தங்கும் விடுதி. அறை எடுக்காதவர்களும் மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் திருச்சியில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

நேரே போய் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் இடமல்ல இது. தலைக்கணக்குப் பார்த்துச் சமைத்து, வாழை இலையில் வரிசையாகப் பரிமாறுகிறார்கள். ஆகவே முதல் நாளே போன் செய்து எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். பசியோடு இரண்டரை மணிக்குச் சொல்லாமல் போய் நின்றால் ஏமாற்றம்தான். அன்றைய விலையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுனி அரிசி இனிப்பு வேண்டுமென்றால் அதையும் போனிலேயே கேளுங்கள். பர்மா வணிகத் தொடர்பில் செட்டிநாட்டுக்கு வந்த கருப்பரிசி அது. இரவு முழுக்க ஊறினால்தான் பதமாக வேகும். பிறகுதான் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய். காலையில் கேட்டு மதியம் கிடைக்காது. வெள்ளைப் பணியாரம் இதற்கு நேர்மாறு, சுடச்சுடச் சாப்பிட வேண்டியது. ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து வைப்பதுதான் கணக்கு. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பதால் மெதுவாகத்தான் வரும். வந்ததும் சாப்பிடுங்கள், ஆறினால் துவண்டுவிடும்.

பிள்ளைகளுக்குக் காரம் ஆகாதே என்ற பயம் பலருக்கு உண்டு. செட்டிநாடு என்றாலே நாக்கு எரியும் என்பது வெளியூர் ஓட்டல்கள் கிளப்பிவிட்ட பெயர். வீட்டுச் சமையலில் சோம்பும் கல்பாசியும் மிளகும்தான் முன்னே மணக்கும். மண்டியும் (அரிசி களைந்த நீரில் புளி சேர்த்துச் செய்யும் காய்) கூட்டும் பிள்ளைகளுக்கு ஒத்துவரும். வறுவலை மட்டும் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே சோற்றை நிறைய வாங்கிவிடாதீர்கள், ரசமும் தயிரும் பின்னால் வருகின்றன. இலையை மடித்து எழ ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வங்கி அட்டை இந்தப் பக்கத்தில் எல்லா இடத்திலும் ஏறாது. ரொக்கம் கையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கானாடுகாத்தான் ஊரின் பழைய செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் பார்க்கப் போவதானால் சுமார் 15 கிலோமீட்டர். அங்கே வாசலில் ஏறும் படிகளும் உள்ளே நிலைப்படிகளும் உயரம். முட்டி வலி உள்ள பெரியவர்களை முகப்புத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவது நல்லது.