கடற்கரையா, பூங்காவா, பணம் கட்டும் வகுப்பா: டர்பனில் கைக்குழந்தையோடு முதல் ஆண்டு

என் மகள் நவம்பரில் பிறந்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது கோடை தொடங்கும் நேரம். காற்றில் ஈரம் கனத்து, காலை எட்டு மணிக்கே முதுகு வியர்த்துவிடும். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் சிறிய வீட்டுக்குள் தொட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே நாற்பது நாள் கழிந்த பிறகு, வெளியே போய்வரலாம் என்று மாமியார் சொன்னார். போவது எங்கே என்பதுதான் கேள்வி.

அந்த ஓராண்டில் நான்கு வழிகளை முயன்று பார்த்தேன். குழந்தையின் வளர்ச்சிக்கு எது நல்லது என்றுதான் பலரும் ஒப்பிடுகிறார்கள். நான் தாயின் பக்கம் நின்று ஒப்பிடுகிறேன். பிறந்த குழந்தைக்குச் சற்றுத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தொலைவு, மடியில் கிடந்தால் அம்மாவின் முகம் தெரியும், அது அதற்குப் போதும். அதற்கு அப்பால் உள்ள உலகம் முதலில் தேவைப்படுவது அம்மாவுக்கு.

கடற்கரை நடைபாதையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். காரணம் இருக்கிறது. வடக்கே உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே துறைமுக வாய் வரை ஏறத்தாழ 8 கி.மீ. நீளம்; தெற்குப் பகுதியை 2019-இல் நீட்டித்த பிறகு நடை தடைபடுவதில்லை. தள்ளுவண்டிக்கு இதைவிடச் சமமான தரை டர்பனில் எனக்குக் கிடைக்கவில்லை. பிரசவமான பெண்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் எனக்கு அறுவைப் பிரசவம். முதல் ஆறு வாரம் வண்டியைத் தூக்கி இறக்குவதே கூடாது என்றார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து கடற்கரை 20 கி.மீ. தொலைவு, கார் இல்லாத நாளில் டாக்சி என்று இங்கே சொல்லப்படும், ஆள் நெருக்கியடிக்கும் சிற்றுந்தில் வண்டியை மடித்து ஏற்றுவது தனிப் போராட்டம். அதே டாக்சியில் ஜூலு தாய்மார்கள் போர்வையால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு இரு கையும் வீசி ஏறுவார்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு நானும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். வண்டியானாலும் துணியானாலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைக் கட்டிவைக்கக் கூடாது என்பதும் அந்த நிறுவனத்தின் வழிகாட்டுதல்தான். ஆறு மாதம் ஆகும் வரை நேர்வெயிலும் ஆகாது. ஆகவே கோடையில் கடற்கரை என்றால் விடியற்காலை மட்டுமே. இரவெல்லாம் பால் கொடுத்த பெண்ணிடம் விடியற்காலை எழுந்து போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் முதல் ஐந்தாறு மாதத்துக்கு என் தேர்வு பெரியா என்னும் மேட்டுப் பகுதியில் இருக்கும் தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கியது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்றும் நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் இதுவே மிகப் பழையது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிழல் இருக்கிறது, புல் இருக்கிறது. பிள்ளையைக் குப்புறப் போடவும், மரத்தில் சாய்ந்து பால் கொடுக்கவும் கடற்கரையில் இப்படி ஓர் இடம் கிடைக்காது. அங்கே பனைபோன்ற ஒரு பழங்காலத் தாவரம் வளர்கிறது. 1895-இல் இன்கோயே காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்ட ஒற்றை ஆண் செடியின் வழிவந்தது அது. அதற்குப் பெண் துணை இன்றுவரை எங்கும் கண்டெடுக்கப்படவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் அதன் எதிரே உட்கார்ந்து காரணம் தெரியாமல் அழுதேன். அப்போது அருகில் இருந்தவள் கிளினிக் வரிசையில் எனக்குக் கிடைத்த தோழி.

அந்த வரிசையை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, அது கட்டாயம் என்பதால். 6, 10, 14 வாரங்கள், பிறகு 6, 9, 12 மாதங்கள் என்று தடுப்பூசிக்குப் போகத்தான் வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் கிடையாது, காத்திருப்புதான் நீளம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். அவருக்கும் உங்கள் பிள்ளையின் வயதிலேயே ஒரு பிள்ளை இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிரசவத்துக்குப் பின் வரும் அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், அது உங்கள் பலவீனம் என்று நினைத்து மூடிவைக்காதீர்கள். அங்கிருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள். நான் தாமதமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் உதவி கிடைத்தது.

அடுத்தது கடைவளாகத்தில் நடக்கும் இசை வகுப்பு. வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம். பருவம் முழுவதற்கும் முன்பணம். குளிர்பதன அறை, வண்ணப் பாய், கிலுகிலுப்பை. முதலில் ஆட்டுவார்கள், பிறகு கைதட்டுவார்கள், பிறகு முத்தம் வீசச் சொல்லித் தருவார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் கணவரின் ஆயா, அதாவது பாட்டி, கேட்டார்: "கைதட்டச் சொல்லித்தரப் பணம் கட்ட வேண்டுமா, அம்மா?"

எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஏழில் தாலாட்டும் தால், ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் தளர்நடையாய் வரும் வருகை. வகுப்பின் பாடத்திட்டம் முழுவதும் நம் புலவர்களிடம் மாதக்கணக்கோடு இருக்கிறது. ஆயா பேசும்போது பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பாடும்போது முழுத் தமிழ். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் என் மகளின் காதில் அதைப் போட்டது ஆயாவின் தொட்டில் பாட்டு. பாட்டுக்காக மட்டும் வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், வீட்டில் ஒரு ஆயா இருந்தால் அவரைப் பாடச் சொல்லுங்கள். வீட்டில் பேச ஆளே இல்லை, வாரத்தில் ஒரு நாளாவது குறித்த நேரத்தில் உடை மாற்றிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் வேண்டும் என்றால், அந்தப் பணம் தகும். மழை கொட்டும் பிப்ரவரியில் எனக்கு அது தகுந்தது.

நீச்சல் வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீரில் பிள்ளை சிரிப்பதைப் பார்ப்பது பேரின்பம். ஆனால் முதல் வயதுக்குள் நீச்சல் பழகினால் பிள்ளை நீரில் மூழ்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. ஒரு கை பிள்ளையை விட்டு அகலவே கூடாது. தாய்க்கு உதிரப்போக்கு முற்றிலும் நின்று, தையல் ஆறிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது இதுதான். நாங்கள் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

மே மாதம் வந்ததும் வெயில் தணிந்தது, மகளுக்கும் ஆறு மாதம் முடிந்தது. இப்போது கடற்கரை முதலிடத்துக்கு ஏறியது. மணலில் உட்காரவைத்தால் அவள் அலையைப் பார்த்துக் கைகொட்டுவாள். பூங்காவை முற்றிலும் விடவில்லை. நான்கு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து தோழியும் நானும் வேலைக்குத் திரும்பிவிட்டதால் சனிக்கிழமை மட்டுமே வாய்க்கிறது. யார் முதலில் வந்தாலும் வாயிலுக்கு அருகில் உள்ள மரத்தடியில் பாய் விரித்துவிடுவோம். தேநீர்க் குடுவை அவளுடையது, இட்லி என்னுடையது.