ஸ்கேனுக்கு முன் கையைச் சோதித்த முதுகெலும்பு மையம்

கழுத்தில் தொடங்கி, தோள்பட்டைக்குப் பின்புறமாக இறங்கி, நடுவிரல் வரை சுண்டி இழுத்த வலிக்காக நான் சிகிச்சை பெற்ற ஒரு முதுகெலும்புச் சிகிச்சை மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. கழுத்து நரம்பு அழுத்தத்துக்கு எங்கே போவது என்று யோசிப்பவர்களுக்கு மையத்தின் பெயரைக் காட்டிலும் அங்கு எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்பதே பயன்படும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

அந்த மையத்தின் பெரிய பலம் பரிசோதனை அறை. கை வலிக்கிறது என்று சொன்ன உடனே எம்.ஆர்.ஐ. சீட்டை எழுதி நீட்டாமல், எந்த விரல் மரத்துப்போகிறது, இரவில் கையை உதறினால் சரியாகிறதா, உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி தணிகிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உதறினால் தணியும் மரப்பு பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வருவது. தலைமேல் கையை வைத்தால் தணியும் வலியோ கழுத்திலுள்ள நரம்பு வேரை, அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு புறப்படும் பகுதியைச் சுட்டுவது. பிறகு தலையை வலியுள்ள பக்கமாகச் சாய்த்துச் சற்றே பின்னுக்கு வளைத்து உச்சந்தலையில் மெல்ல அழுத்தியபோது, அதே வலி அதே பாதையில் விரல் வரை ஓடியது. ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1944-இல் விவரித்த இந்தச் சோதனைக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

கழுத்தில் எலும்புகள் 7, அங்கிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் 8 இணைகள். அவற்றுள் அதிகம் நசுங்குவது 7-ஆவது வேர். நடுவிரலின் உணர்ச்சியும் முழங்கையை நீட்டும் தசையின் வலுவும் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. என் முழங்கையை மடக்கி வைத்து, 'என் கையைத் தள்ளுங்கள்' என்று மருத்துவர் சொன்னபோது வலது கை சட்டென்று விட்டுக்கொடுத்தது. சுத்தியலால் தட்டியபோதும் அந்தப் பக்கம் துள்ளல் குறைவாகவே இருந்தது. கால்களையும் தட்டிப் பார்த்து, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். வேர் மட்டும் நசுங்கியிருக்கிறதா, தண்டுவடமே அழுந்தியிருக்கிறதா என்று பிரித்தறியும் படி இது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது என்பதை அவர் சொல்லியதோடு நிற்காமல் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ. அதன் பிறகுதான் எடுக்கப்பட்டது. அறிக்கையில் பல இடங்களில் ஜவ்வு பிதுக்கம், தேய்மானம் என்று நீண்ட பட்டியல் இருந்தது. படித்தவுடன் வயிற்றைக் கலக்கியது உண்மை. வலியே இல்லாதவர்களின் படத்திலும் இத்தகைய பிதுக்கங்கள் சாதாரணமாகக் காணப்படும் என்று விளக்கிய மருத்துவர், கைச் சோதனையோடு பொருந்திய ஒரே இடத்தை மட்டும் வட்டமிட்டு மற்றவற்றை ஒதுக்கினார்.

சிகிச்சையிலும் அவசரம் காட்டவில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே வலி தணிந்துவிடும் என்பதைச் சொல்லி, வலி மாத்திரையும், மயக்கம் தரக்கூடும் என்ற எச்சரிக்கையோடு நரம்பு வலிக்கான மாத்திரையும் கொடுத்தார். கழுத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகத் தண்டுவடத்துக்கோ மூளைக்கோ செல்லும் ரத்த ஓட்டம் தடைபடக்கூடும் என்பதை மறைக்காததால், அதைப் பின்னுக்குத் தள்ளிவைக்கும் முடிவை என்னால் நிதானமாக எடுக்க முடிந்தது. கை வலு மேலும் குறைந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்று எல்லையையும் வகுத்து, ஒவ்வொரு மறுபார்வையிலும் அதே தள்ளும் சோதனையைச் செய்து குறித்துவைத்தார்.

பிசியோதெரபிப் பிரிவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு சிகிச்சையாளர் வந்தார். கழுத்தை இழுக்கும் கருவியில் பொருத்திவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வீட்டில் செய்யத் தந்த தாளில் முழங்கால் வலிக்கான பயிற்சிகளும் கலந்திருந்தன. விற்பனைப் பகுதியில் கொடுத்த கழுத்துப் பட்டையோ மோவாயை மேலே தூக்கிக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்தது. பின்னுக்கு வளைந்தால் நரம்பு வெளிவரும் துவாரம் மேலும் குறுகும் என்பதால், உதவ வேண்டிய பொருளே வலியைக் கூட்டியது. மருத்துவர் கவனித்து உயரம் குறைந்த பட்டையை மாற்றித் தரச் செய்தார். அதையும் குறுகிய காலம் மட்டுமே அணிய வேண்டும், இல்லையென்றால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும் என்பதை விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

நோயைக் கண்டறிய இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயிற்சியை மட்டும் ஒரே சிகிச்சையாளர் தொடர்ந்து பார்க்கும் வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். படங்களையும் சோதனைக் குறிப்புகளையும் கேட்டபோது முகம் சுளிக்காமல் முழுமையாக நகலெடுத்துக் கொடுத்தார்கள்.