வளவைத் தாண்டி நெட் வரணும்: டாங்கிளா, ரிப்பீட்டரா, பவர்லைனா, கேபிளா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் என் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் ரவுட்டர் முகப்பில், அதாவது வீட்டின் முன்பகுதியில் இருக்கிறது. ஃபைபர் போட வந்தவர்கள் தெருவிலிருந்து இழுத்து, முதலில் கண்ணில் பட்ட பிளக் பாயின்ட் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அம்மானுடைய (தாய்மாமா) கம்ப்யூட்டர் இருப்பது இரண்டாம் கட்டில், அதாவது வளவுக்குப் பின்னாலிருக்கிற பகுதியில். நடுவில் பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற முற்றம், வளவைச் சுற்றி அறைகள், அதற்கப்புறம் இன்னொரு சுவர். அதில் லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்பதால், நெட் அறுந்தால் அம்மான் சொல்வது ஒன்றுதான்: "நீ லினக்ஸ் போட்டதிலேருந்துதான் இப்படி." அவரைக் குறை சொல்ல முடியாது, பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் லினக்ஸ் மேல் விழுகிற பழியில் பெரும்பங்கு சுவருக்குப் போய்ச் சேர வேண்டியது. இந்த வீட்டுக்காக நாலு வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இதே அமைப்பில் வீடு வைத்திருப்பவர்கள் காசு போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் கோளாறு சுவரிலா கம்ப்யூட்டரிலா என்று பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து போனில் வைஃபையைப் பாருங்கள். போனும் திணறினால் சுவர். போன் நன்றாக ஓடி கம்ப்யூட்டர் மட்டும் திணறினால் டாங்கிளோ (யூஎஸ்பியில் செருகுகிற வைஃபை கருவி) டிரைவரோ (அதை இயக்குகிற நிரல்). அப்புறம் சிபியுவை முகப்புக்கே தூக்கிப்போய் ரவுட்டரில் ஒரு குட்டைக் கேபிள் செருகிப் பாருங்கள். கேபிளில் ஓடினால் மதர்போர்டு, லைன் இரண்டும் சரி. கேபிளிலும் பக்கம் திறக்கவில்லையா, 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கிற கட்டளை) போட்டுப் பாருங்கள்; பதில் வந்து, பெயர் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் அது பெயரை முகவரியாக மாற்றுகிற டிஎன்எஸ்ஸின் கோளாறு, அதற்கு எந்த டப்பாவும் வாங்க வேண்டியதில்லை. அம்மான் வீட்டில் கேபிள் செருகியதும் எல்லாம் பறந்தது. ஆக, சுவர்.

அந்தச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கலும் சுண்ணாம்புமாக ஒரு முழத்துக்கு மேல் கனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவிப் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் அதைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்தால் இன்னும் மோசம், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். பட்டாலையில் மாட்டியிருக்கிற பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நான் போனை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தபோது முகப்பில் மைனஸ் 45 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர பலம்) காட்டியது, வளவில் தூண் ஓரம் மைனஸ் 70, இரண்டாம் கட்டில் மைனஸ் 85. மைனஸ் 67 வரை நிம்மதி, 80-ஐத் தாண்டினால் இணைப்பு இருக்கிற மாதிரி இருக்கும், வேலை நடக்காது.

முதலில் எல்லாரும் போவது யூஎஸ்பி டாங்கிளுக்குத்தான், விலை குறைவு, சுவரில் கை வைக்க வேண்டாம். லினக்ஸில் மாட்டிக்கொள்கிற இடமும் இதுதான். டப்பாவில் போட்டிருக்கிற பிராண்டைப் பார்த்து வாங்கிப் பயனில்லை, உள்ளே என்ன சிப் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் இரண்டாம் பதிப்பு வரும்போது கம்பெனிக்காரர்கள் சிப்பை மாற்றிவிடுவார்கள், வெளியில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மீடியாடெக் எம்டி7612யு சிப் என்றால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 4.19-லிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது, செருகினால் ஓடும். பழைய அதெரோஸ் ஏஆர்9271 அதைவிட முதியது, 2.4 மட்டும்தான், வேகம் கம்மி, ஆனால் எந்த டிஸ்ட்ரோவிலும் (லினக்ஸ் வகையிலும்) மறுபேச்சில்லாமல் ஏறும். நான் அவசரத்தில் காரைக்குடியில் வாங்கியது ரியல்டெக் சிப். செருகியதும் வைஃபைக்குப் பதில் ஒரு சிடி டிரைவ் தோன்றியது! விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு டாங்கிள் முதலில் சிடி வேஷம் போடும், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்கிற சிறு நிரல்தான் அதை நிஜ உருவத்துக்குத் திருப்ப வேண்டும். செருகியிருக்கிற யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்க்கவில்லை என்றால் டாங்கிளே செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வேஷம் கலைந்த பிறகும் தொல்லை தீராது. ரியல்டெக்கில் பல யூஎஸ்பி சிப்புகளுக்குக் கர்னல் 6.2-க்கு அப்புறம்தான் உள்ளேயே டிரைவர் வர ஆரம்பித்தது. அதற்கு முந்தைய கர்னல் என்றால் டிகேஎம்எஸ் என்கிற கருவி வழியாக வெளியிலிருந்து டிரைவரைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை கர்னல் அப்டேட் ஆகும்போதும் அது மறுபடி கட்டப்படும், கட்டுவதற்குத் தேவையான ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் கட்டாமல் விட்டுவிடும், மறுநாள் காலையில் அம்மான் கம்ப்யூட்டரைப் போட்டால் வைஃபை காணாமல் போயிருக்கும், அதைச் சரிசெய்ய எதையாவது இறக்க வேண்டுமே, இறக்க நெட் இல்லை. செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை அது ஏற்றாது, அது தனிக் கதை. இந்த மாதிரி சமயத்தில் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போட்டுவிடுங்கள், லினக்ஸ் அதை ஒரு சாதாரண நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. போட்டியில் டெதரிங்கை நான் சேர்க்கவில்லை, ஆனால் இந்தக் கேபிள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

டாங்கிள்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயம். பின்பக்க நீல யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள், யூஎஸ்பி 3 ஓடும்போது கிளம்புகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வந்து விழும், இதை இன்டெல் 2012-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கி டாங்கிளை வளவைப் பார்த்த ஜன்னல் கம்பி ஓரம் தொங்க விடுங்கள், அதுவே பெரிய மாற்றம். இரண்டாவது, வைஃபை பவர் சேவிங். உபுண்டு வழி டிஸ்ட்ரோக்களில் நெட்வொர்க் மேனேஜரின் பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும், அதை 2 ஆக்கினால் அணைந்துவிடும். விட்டுவிட்டு வருகிற இணைப்பு சில கார்டுகளில் இந்த ஒரு எண்ணால் சரியாகும். இதையெல்லாம் செய்தும் எங்கள் டாங்கிள் மைனஸ் 78-ல்தான் நின்றது.

வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்புகிற டப்பாவான ரிப்பீட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே பேண்டில் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்) வாங்கி அதே பேண்டில் கொடுக்கிற ரிப்பீட்டர் பாதி நேரம் கேட்கும், பாதி நேரம் பேசும், ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை இரண்டாம் கட்டில் வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது, வளவில் வைக்க வேண்டும், வளவில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது? படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால் முதலில் பிடுங்கி எறியப்படுவதும் அதுதான். போனுக்குச் சரி. கம்ப்யூட்டருக்கு நான் வாங்க மாட்டேன்.

ஆனால் ரிப்பீட்டரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், அவனை எனக்குப் பிடிக்கும். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய ரவுட்டரை கிளையண்ட் மோடில் போட்டு, அது வைஃபையை வாங்கி லேன் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற ஏற்பாடு. ரவுட்டரின் பழைய ஃபர்ம்வேரில் (உள்ளிருக்கிற மென்பொருளில்) அந்த வசதி இல்லாவிட்டால், மாடல் ஒத்து வந்தால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றலாம். இதில் என்ன லாபம் என்றால் லினக்ஸுக்கு வைஃபை என்று ஒன்று இருப்பதே தெரியாது, அது பார்ப்பது வெறும் லேன் கேபிள். டிரைவர், டிகேஎம்எஸ், செக்யூர் பூட் எல்லாத் தலைவலியும் ஒரே அடியாகப் போய்விடும். ரவுட்டரின் ஆன்டெனாவும் விரல்நீள டாங்கிளைவிடப் பெரியது, நல்ல இடம் பார்த்து உயரத்தில் வைக்கலாம். சுவரில் கம்பி இழுக்கவே முடியாத வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இது.

பவர்லைன் அடாப்டரும் லினக்ஸுக்கு லேன் கேபிளாகத்தான் தெரியும், அந்த வகையில் நல்லது. கரண்ட் கம்பி வழியாகவே டேட்டா போகிறது, முகப்பில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று, சுவரைத் தொடவே வேண்டாம். காகிதத்தில் இந்த வீட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டேன். முதலில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வருவது த்ரீ ஃபேஸ் லைன், முகப்பு ஒரு ஃபேஸில், இரண்டாம் கட்டு வேறு ஃபேஸில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரே ஃபேஸுக்கு மாற்றியதும் அடாப்டரில் இணைப்பு விளக்கு எரிந்தது. ஸ்பைக் கார்டு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உள்ளேயிருக்கிற ஃபில்டர் சிக்னலையும் தின்றுவிடும், நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். அதையும் செய்தேன். பழைய வயரிங், இடையிடையே ஒட்டுப்போட்ட ஜாயின்டுகள், டப்பாவில் 600 மெகாபிட் என்று போட்டிருந்ததற்கும் ஐபெர்ஃப் என்கிற வேகச் சோதனை நிரலில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார் ஓடும்போது இன்னும் சரிந்தது. புது வயரிங், சிங்கிள் ஃபேஸ் என்றால் இரவல் வாங்கியாவது ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். பழைய வீட்டில் காசு கொடுத்து வாங்கிவிட்டுச் சோதிக்காதீர்கள்.

கடைசியாகக் கேபிள். நான் கடைசிவரை தள்ளிப் போட்டதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. இது நாலு புள்ளி (குடும்பம்) சேர்ந்த வீடு, ஒரு ஓட்டை போட வேண்டுமென்றால் பங்காளிகள் நாலு பேரிடமும் கேட்க வேண்டும். ஆயா வேறு, "ஏப்பா, நிலையில ஆணி அடிச்சிடாதே, அது பர்மாத் தேக்கு" என்று கேபிள் சுருள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டது. வழி கிடைத்தது அண்ணாந்து பார்த்தபோதுதான். அந்தக் காலத்து வயரிங்கிற்காக அடித்த ரீப்பர் கட்டை வளவைச் சுற்றி இன்னும் இருக்கிறது, அதில் கரண்ட் எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. எலக்ட்ரீஷியனை வைத்து டெஸ்டர் போட்டு உறுதி செய்த பிறகு, அதே கட்டையோடு கேட் 6 என்கிற வகை லேன் கேபிளைக் கட்டிக்கொண்டே போனோம், கதவுக்கு மேலிருக்கிற வென்டிலேட்டர் வழியாக அடுத்த கட்டுக்கு. ஒரு ஆணி அடிக்கவில்லை, ஒரு ஓட்டை போடவில்லை. மொத்தம் நாற்பது மீட்டருக்குச் சற்று மேல். 100 மீட்டர் வரை இந்தக் கேபிளில் கிகாபிட் போகும் என்பதால் மூன்றாம் கட்டுக்கும் மிச்சம் இருக்கிறது. உயிருள்ள கரண்ட் கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் மட்டும் விடாதீர்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது சிசிஏ என்ற பெயரில் விலை குறைவாகக் கிடைக்கும், தடை அதிகம், வளைத்தால் ஒடியும்.

கேபிள் முனையில் பிளக்கை நானே கிரிம்ப் பண்ணினேன், அதாவது கம்பிகளை வைத்து அழுத்திப் பொருத்தினேன். கம்பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. செருகியதும் நெட் வந்தது, அம்மானுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு சந்தேகம், ஈத்டூல் கட்டளை போட்டுப் பார்த்தால் வேகம் 100 மெகாபிட் என்று காட்டியது, 1000 வர வேண்டும். 100-க்கு நாலு கம்பி போதும், 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதாவது நீலத்திலோ பழுப்பிலோ ஏதோ ஒன்று தொடவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து முனையிலிருந்து பார்த்தேன், ஏழு செம்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது, எட்டாவது இடம் இருட்டு. கடைசிப் பழுப்புக் கம்பி ஒரு அரிசி நீளம் உள்வாங்கியிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் பண்ணியதும் 1000, ஐபெர்ஃபில் 940-ஐ ஒட்டி. சில கார்டுகள் இப்படி 100-க்கு இறங்காமல் லிங்க்கே எடுக்காமல் நிற்கும், அப்போதும் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

ஆக என் வரிசை: கேபிள், அது முடியாவிட்டால் கிளையண்ட் மோடில் பழைய ரவுட்டர், அப்புறம் நல்ல சிப் உள்ள டாங்கிள், பவர்லைன் வீட்டு வயரிங்கைப் பொறுத்து. ஒரே ஒரு இடத்தில் கேபிளையும் வேண்டாம் என்பேன், பின்தெருவில் தனியாக நிற்கிற கட்டடத்துக்கு வெட்டவெளியில் இழுப்பதாக இருந்தால். இடி மின்னல் காலத்தில் செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை நேராக மதர்போர்டுக்குக் கொண்டுவரும். அங்கே ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும்தான் (ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றுகிற டப்பா) சரி, கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

இப்போது ஆயாவுக்கு அடுப்படியில் போன் பேச வைஃபை வேண்டுமாம். இரண்டாம் கட்டில் கேபிள் முனையில் சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று போட்டு, அதிலிருந்து இன்னொரு கேபிள் அடுப்படி வாசல் வரை, அங்கே பழைய ரவுட்டர். அதில் ஐபி முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, வெளி லைனுக்கான வான் போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இரண்டு பேர் ஐபி விநியோகம் செய்து அம்மான் கம்ப்யூட்டரில் மறுபடி நெட் நிற்கும். பெயரும் பாஸ்வேர்டும் முகப்பு ரவுட்டரில் இருப்பதேதான், சேனல் மட்டும் வேறு: அங்கே 1, இங்கே 11.