அரை சிஆர் நிழல்: மான்ஸ்டர் மேனுவலோடு ஒன்பது வருடம்

"மச்சி, புதுசு வந்ததுல பழைய மான்ஸ்டர் மேனுவல் விலை இறங்கிருக்கு. வாங்கிடவா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். இப்போதுதான் முதல்முறையாக டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், ஆகப்போகிறான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் ஆட்ட மேசையில் ஒரு விசார்ட், அதாவது மந்திரவாதிப் பாத்திரம், செத்திருந்தார், அதுவும் நிழல் என்ற ஜந்துகளிடம்.

அவன் சொல்வது, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், ஐந்தாம் பதிப்புக்கான 2014 ஜந்துப் புத்தகம். 352 பக்கம். படங்களைப் பற்றியும் டிராகன்களைப் பற்றியும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக அதை வைத்து ஆட்டம் நடத்துகிறவனுக்குப் பேச வேண்டியது எண்களைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜந்து எவ்வளவு அடி தாங்கும் என்ற ஹிட் பாயிண்டைச் சராசரியாக மட்டும் போடாமல் பக்கத்திலேயே பகடைக் கணக்கையும் கொடுத்திருக்கிறார்கள். ஓகர் என்ற ராட்சசனுக்கு 59, பக்கத்தில் 7டி10+21 (பத்து முகப் பகடை ஏழு, கூட்டல் 21). அதாவது 28 புள்ளியோடு ஒரு நோஞ்சான் ஓகரும் வரலாம், 91 புள்ளியோடு ஒரு மலையும் வரலாம். கோப்ளின் என்ற குள்ள ஜந்துவுக்கு 2டி6. ஆறு கோப்ளின்களுக்குத் தனித்தனியாக உருட்டிப் பாருங்கள்: ஒன்று தடுக்கி விழுந்தாலே செத்துவிடும், இன்னொன்று இரண்டு வெட்டு வாங்கியும் நிற்கும். ஆட்டக்காரர்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிடுவார்கள். இந்தக் கூட்டல் கழித்தலில் நான் சரிபார்த்த வரை பிழையே கிடையாது. உடல் அளவுக்கு ஏற்ற பகடை, அதோடு கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) கூட்டு, சராசரி எல்லாம் கச்சிதம்.

அப்புறம் வருகிறது சிஆர், சேலஞ்ச் ரேட்டிங். நன்றாக ஓய்வெடுத்த, ஆயுதம் கவசம் சரியாக உள்ள நாலு பேர் அந்த லெவலில் இருந்தால், யாரும் சாகாமல் இந்த ஜந்துவைச் சமாளிக்கலாம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நிழலுக்கு, அதாவது ஷேடோவுக்கு, அது அரை.

போன வாரம் நான் வைத்தது இரண்டே நிழல்கள். ஆட்டக்காரர்கள் நாலு பேர், லெவல் 2. ஒரு நிழலுக்கு 100 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), இரண்டுக்கு 200, ஜோடியாக வருவதால் ஒன்றரை மடங்கு: 300. டிஎம்களுக்கான விதிப்புத்தகமான 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு கணக்குப்படி அந்தக் குழுவுக்கு 400ஐத் தொட்டால்தான் நடுத்தரச் சண்டை. ஆக இது ஈஸி.

விசார்டுக்கு ஹிட் பாயிண்ட் 14, ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 8. நிழல் அடித்தால் இரண்டும் குறையும். முதல் அடி: 9 புள்ளி சேதம், ஸ்ட்ரெங்த்தில் 2 போச்சு. இரண்டாவது அடி: ஆள் விழுந்தார், ஸ்ட்ரெங்த் 3. குணப்படுத்தும் பூசாரியான க்ளெரிக் ஓடிவந்து எழுப்பிவிட்டார். மேசையில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாவது அடியில் 1டி4ல் நான் 3 போட்டேன். ஸ்ட்ரெங்த் பூஜ்ஜியம். அவ்வளவுதான், மரணம். பிழைக்க உருட்டிப் பார்க்கும் டெத் சேவ் கிடையாது, எழுப்பிவிட இரண்டாவது லெவல் க்ளெரிக்கிடம் மந்திரமும் கிடையாது. மந்திர ஆயுதம் இல்லாத மற்றவர்கள் வெட்டியதெல்லாம் பாதி சேதம்தான்.

கோபத்தில் அன்று ராத்திரியே கைடை எடுத்து நிழலின் சிஆரை நானே போட்டுப் பார்த்தேன். 16 ஹிட் பாயிண்ட், தாங்கும் சக்தி இருப்பதால் 32 என்று கொள்ள வேண்டும், தற்காப்பில் சிஆர் அரைக்கால் (1/8). ஓர் அடிக்குச் சராசரி 9; தாக்குதலில் 1. இரண்டுக்கும் நடுவே எடுத்தால் அரை! கணக்கு அப்பழுக்கில்லாமல் சரியாக இருக்கிறது. ஆளைக் கொல்வது எதுவோ, அந்த ஸ்ட்ரெங்த் உறிஞ்சல், கணக்குக்குள்ளேயே வரவில்லை.

விட மனசில்லாமல் ஓகரையும் போட்டேன். புத்தகத்தில் அதற்கு சிஆர் 2. அதே சூத்திரப்படி தற்காப்பு கால், தாக்குதல் 2, நடுவே எடுத்தால் 1தான் வருகிறது. ஆனால் மேசையில் ஓகர் 2 மாதிரியேதான் அடிக்கிறது. என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. சூத்திரத்தை மீறிய இடத்தில் எண் சரி, சூத்திரத்துக்குக் கட்டுப்பட்ட இடத்தில் தப்பு. இதை நண்பனுக்கு எப்படி விளக்குவது?

நியாயமாகப் பேசினால், இது யாருக்குமே சுலபமான வேலை இல்லை. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் பெரிய ஜந்துகளுக்கு ஹிட் பாயிண்ட் கூடுதல், அடி கம்மி. ஒரு சண்டை முடிவதற்குள் டீ ஆறிவிடும். 2010இல் வந்த மூன்றாவது மான்ஸ்டர் மேனுவலில் அந்தக் கணக்கையே மாற்றினார்கள். ரசிகர்கள் அந்தத் திருத்தத்தை ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டார்கள். என் பிரதியிலும் ஓரமெல்லாம் பென்சில்தான். நிழல் பக்கத்தில் சிஆருக்கு "2!" என்று நானே எப்போதோ எழுதியிருக்கிறேன். எழுதியும் போன வாரம் அச்சில் இருந்த அரையைத்தான் நம்பினேன். அதற்குப் புத்தகத்தைத் திட்ட முடியாது. ஆனாலும் திட்டத்தான் தோன்றுகிறது.

2025 பிப்ரவரியில் வந்த புதியதில் 500க்கும் மேல் ஜந்துகள். இன்னும் முழுசாக ஆட்டத்தில் இறக்கிப் பார்க்காததால் அதைப் பற்றிப் பேசவில்லை.

நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் போட்டுவிட்டேன். போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். ஒன்பது வருடத்தில் இந்த அளவுக்கு உழைத்த புத்தகம் என் அலமாரியில் வேறு இல்லை.

செத்த விசார்டின் உடலிலிருந்து 1டி4 மணி நேரத்தில் புதிதாக ஒரு நிழல் எழும் என்பது விதி. அந்த விசார்டை ஆடிய தம்பி நேற்று மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணா, என் நிழலுக்கும் சிஆர் அரைதானா?"